நம்ம ஊரு பஞ்சு வெலைய எவன் முடிவு பண்றான்? (பருத்தி, கப்பல், சோழி, புளி எல்லாம் இங்கயே பேசிக்கலாம்)

மொரப்பூர் பஞ்சு (இழை தொடங்கியவர்)

வணக்கம் மக்களே, நைட்டு தூக்கம் வரல அதான் எழுதறேன். நேத்து அப்பா கூட பருத்தி ஏலத்துக்கு போயிருந்தேன், எந்த எடம்னு கேக்காதீங்க, நாளைக்கும் அங்க தான் போவணும். பதினோரு மூட்ட. காலைல ஆறு மணிக்கே டாட்டா ஏஸ் பேசி ஏத்திட்டு போயி வரிசைல எறக்கிட்டு உக்காந்திருந்தோம். யாவாரிங்க ஒவ்வொரு குவியலா வந்து கைய அடி வரைக்கும் விட்டு ஒரு பிடி எடுக்கறாங்க, மேல நல்லத போட்டு உள்ள கொட்டுப்பருத்திய வெச்சிருக்கமான்னு பாக்கறதுக்கு. ஒருத்தரு அந்த பஞ்ச ரெண்டு கட்டவெரலாலயும் புடிச்சி மெதுவா இழுத்து பிரிச்சாரு, பிரிச்சத ஒன்னு மேல ஒன்னு வெச்சி திருப்பி இழுத்தாரு, கடைசில வெரல்ல நின்ன இழைய அவரோட கறுப்பு பேண்ட் மேல வெச்சி நீளம் பாத்தாரு. மொத்தம் பத்து செகண்டு. சீட்டுல ஒரு வெலைய எழுதி பெட்டில போட்டுட்டு அடுத்த குவியலுக்கு போயிட்டாரு. நாலு மாசம் மருந்து அடிச்சி, காய்ப்புழுவோட சண்ட போட்டு, கிலோவுக்கு இவ்ளோன்னு கூலி குடுத்து எடுத்த பஞ்சு, பத்து செகண்டு.

பெட்டிய தொறந்தா போன வாரத்த விட குவிண்டாலுக்கு நானூறு ரூவா கம்மி. ஏன்னு கேட்டா "நியூயார்க்ல எறங்கிடுச்சிப்பா, என்ன நான் பண்றது"ங்கறாரு. எங்கப்பா அங்கயே சத்தமா "நியூயார்க்ல எவன்டா பருத்தி போட்டான்"னு கேட்டுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல.

என் கேள்வி இதான். இது எப்பத்துல இருந்து இப்டி? நம்மளது நாட்டுப் பருத்தி, நம்ம மண்ணு, வாங்கறது ஈரோடு, கோயமுத்தூரு மில்லு. நடுவுல அமெரிக்காகாரன் எங்க இருந்து வந்தான்?

ஓசூர் ஷிஃப்ட்

ப்ரோ 2025 ஆகஸ்ட்ல பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரிய எடுத்தாங்கல்ல, மொதல்ல செப்டம்பர் வரைக்கும்னாங்க அப்புறம் டிசம்பர் வரைக்கும் நீட்டிட்டாங்க. மில்லுக்காரனுக்கு பிரேசில், அமெரிக்கா, ஆப்பிரிக்கா பஞ்சு வரி இல்லாம கெடச்சா உங்க மூட்டைக்கு எதுக்கு ஏத்தி குடுப்பான். அவனுக்கும் அந்த பக்கம் டிரம்ப் நம்ம துணிக்கு 50 சதவீத வரி போட்ட கஷ்டம் இருந்துது. ஆக மொத்தம் அடி உங்கப்பாவுக்கு.

பென்னாகரத்து டீச்சர்

தம்பி, கோச்சிக்காத, ஒரு விஷயம் சொல்றேன். நீ கொண்டு போனது நாட்டுப் பருத்தி இல்ல. பி.டி. ரகம், அதான் மரபணு மாத்தின வெதை, அது தானே போட்டிருப்ப? அந்த செடியோட இனமே அமெரிக்கா. நம்ம பழைய பருத்தி வேற ஜாதி, கருங்கண்ணி, உப்பம், சேலம் பக்கம் நாடம்னு சொல்லுவாங்களே அதெல்லாம். அதுக்கு குரோமோசோம் 26, அமெரிக்க இனத்துக்கு 52, ரெண்டயும் சாதாரணமா ஒட்ட வெக்கவே முடியாது. இப்ப உலகத்துல வெளையற பருத்தில பத்துக்கு ஒம்பது பங்கு அந்த மெக்சிகோ பக்கத்து ஜாதி தான். டி.சி.எச்.னு ஒரு ஒட்டு ரகம் போடறாங்கல்ல, அது இன்னும் மோசம், அம்மா அப்பா ரெண்டு பேருமே அந்த கண்டத்து ஆளுங்க, கல்யாணம் மட்டும் தார்வாட்ல நடந்துது.

மொரப்பூர் பஞ்சு

டீச்சர் 😳 அப்ப எம்.சி.யூ. 5? தாத்தா காலத்துல அதான் போட்டோம், அது கோயமுத்தூரு ரகம்னு பெருமையா சொல்வாரு.

பென்னாகரத்து டீச்சர்

கோயமுத்தூர்ல தான் 1968ல வெளியிட்டாங்க. ஆனா எம்.சி.யூ.ன்னா என்னன்னு தாத்தாகிட்ட கேட்டியா? மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. 1904 வாக்குல கம்போடியால இருந்து ஒரு பருத்திய மெட்ராஸ் மாகாணத்துக்கு கொண்டாந்தாங்க, அந்த கம்போடியா பருத்தியே அதுக்கு முன்னாடி அமெரிக்கால இருந்து அங்க போனது. அத உகாண்டா பருத்தியோட ஒட்டு சேத்தாங்க, அந்த உகாண்டா பருத்தியும் வெள்ளக்காரன் அமெரிக்க வெதைய எடுத்துட்டு போயி ஆப்பிரிக்கால போட்டது. பையில மூனு எழுத்து தான் இருக்கும், அதுக்குள்ள மூனு கண்டம் சுத்தி வந்திருக்கு. சுவின்னு ஒன்னு இருக்கு பாரு, ரொம்ப நைஸ் நூலுக்கு, அதுல 'சு' சுஜாதாங்கற நம்ம ரகம், 'வின்' செயின்ட் வின்சென்ட், மேற்கிந்தியத் தீவு. கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு தெரியும்.

பாலக்கோடு தக்காளி

இத படிச்சிட்டு வாயில இருக்கற தக்காளி தொக்க பாத்தேன். தக்காளியும் அந்த ஊரு தானே 😂

கிருஷ்ணகிரி மாங்கா

தக்காளி, பச்ச மொளகா, குச்சிக்கிழங்கு, கடலக்கா, சீத்தாப்பழம், அன்னாசி, எல்லாமே அங்க இருந்து வந்தது தான் தலைவா. போச்சம்பள்ளி சந்தைல பாதி கடைய மூடிடணும். திருப்பத்தூர் பக்கம் எங்க மாமியார் ஊட்ல கடலக்காய மல்லாட்டைன்னு தான் சொல்லுவாங்க, மணிலாக்கொட்டைங்கறது தான் அப்டி தேஞ்சிடுச்சி, தென் அமெரிக்கால பொறந்து மணிலா வழியா கப்பலேறி வந்துது.

ஆனா ஒன்னு, மாங்கா நம்மளது. போர்ச்சுகீசுக்காரன் நம்மகிட்ட இருந்து பிரேசிலுக்கு எடுத்துட்டு போனான், பேரு கூட நம்ம மாங்காய தான் அவன் மாங்கான்னு எழுதிக்கினான். இதுல மட்டும் யாரும் கை வெக்காதீங்க.

கோட்டை மேட்டான்

ராகி களி சாப்ட்டு வளந்த நம்ம ஒடம்பே எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நெலத்துல இருந்து வந்த தானியம் தான். சோளம், கம்பும் ஆப்பிரிக்கா. ஆனா அது மூவாயிரம் வருஷத்துக்கும் முன்னாடி வந்தது, இப்ப போயி அத வெளியூருன்னு சொன்னா எங்க அம்மா கரண்டிய எடுத்துருவாங்க.

புளியும் தான். கிருஷ்ணகிரி ரோட்டோரம் எல்லாம் புளிய மரம், ஏலம் எடுக்கறதுக்கு அடிதடி, ஆனா மரத்தோட சொந்த ஊரு ஆப்பிரிக்கா. அராபிக்காரன் நம்மகிட்ட வாங்கினதால 'தமர் ஹிந்த்', அதாவது இந்தியாக்காரன் பேரீச்சம்பழம்னு பேரு வெச்சிட்டான், அதையே இங்கிலீஷ்காரன் காப்பி அடிச்சிட்டான். வாங்குன கடையோட பேரு தான் சரக்குக்கு நிக்கும் போல.

இன்னொன்னு, கரும்பு. நம்ம தகடூர் அதியமானோட முன்னோருங்க தான் கெடைக்கறதுக்கு அரிய கரும்ப இங்க கொண்டாந்தாங்கன்னு ஔவையார் புறநானூறு 99ல பாடறாங்க. கரும்பு மொதல்ல உருவானது நியூ கினி தீவுப் பக்கம். எந்த வழியா இங்க வந்துதோ, கொண்டாந்தத ஒரு சாதனையா பாடற அளவுக்கு அது பெரிய விஷயம். ஆக தருமபுரில மொத இறக்குமதி லைசன்ஸ் அந்த குடும்பத்துக்கு தான்.

சேலத்து தறி

எல்லாரும் வந்தத பத்தியே பேசறீங்க, போனத பத்தியும் பேசுங்கய்யா. உலகத்துக்கே துணி போட்டு விட்டது நாம. சேலம்பூர்னு ஒரு துணி, சேலத்து பேர்ல ஐரோப்பா பூரா போச்சி. மஸ்லின், கலம்காரி, காலிகோ, எல்லாம் நம்ம சரக்கு. அப்புறம் வெள்ளக்காரன் வந்து அழிச்சிட்டான். அவ்ளோ தான் வரலாறு.

பென்னாகரத்து டீச்சர்

தறி அண்ணா, கொஞ்சம் நிதானமா போவோம். காலிகோ கோழிக்கோட்டு பேரு, சரி. சேலம்பூர்னதும் சேலம்னு நாமளே ஒட்ட வெச்சிக்கறோம், அந்த துணிக்கு பேர் போனது நெல்லூர்ப் பக்கம். போனது ஐரோப்பாவுக்கு மட்டும் இல்ல, இந்தோனேசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும்.

நம்ம துணி எவ்ளோ நல்லா ஓடுச்சின்னா அவனுங்களால தாங்க முடியல. பிரான்ஸ்ல 1686ல இருந்து 1759 வரைக்கும் அச்சு போட்ட பருத்தி துணிக்கே தடை. இங்கிலாந்துல 1700ல ஒரு சட்டம், அதுல அச்சடிச்ச துணி வரக்கூடாதுன்னாங்க, வெள்ளத் துணிய எறக்கி அங்கயே அச்சடிச்சிக்கிட்டாங்க. அதயும் நிறுத்த சொல்லி லண்டன்ல பட்டு, கம்பளி நெய்யறவங்க 1719ல கலாட்டா பண்ணி, ரோட்ல காலிகோ கட்டிட்டு போற பொம்பளைங்க மேல மை ஊத்தி துணிய கிழிச்சாங்க, அப்புறம் 1721ல அணியறதுக்கே தடை. அந்த தடை நிழல்ல தான் அவனுங்க மில்லு வளந்துது, 1774ல தடைய எடுக்கறப்ப ஆர்க்ரைட்டோட நூல் நூக்கற மெஷின் ஓட ஆரம்பிச்சிடுச்சி. இறக்குமதி வரி, உள்ளூர் தொழில் பாதுகாப்பு, இதெல்லாம் நேத்து வந்த பேச்சு இல்ல தம்பி.

கோட்டை மேட்டான்

நம்ம ஊரு கனெக்‌ஷன் ஒன்னு சொல்லட்டா? தருமபுரில மன்றோ தூண் இருக்குல்ல, பாதி பேரு அது பக்கத்துல வண்டி நிறுத்திட்டு டீ குடிக்க போவாங்க. 1792ல திப்பு பாராமகாலை, அதான் நம்ம சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்த, கிழக்கிந்திய கம்பெனிக்கு விட்டுக் குடுத்தப்ப ரீட் கலெக்டரு, மன்றோ அவருக்கு கீழ அசிஸ்டன்ட், 1799 வரைக்கும் இங்க தான் வரி கணக்கு பாத்துட்டு சுத்தினாரு. அதே மன்றோவ 1813ல லண்டன் பார்லிமென்ட்ல கூப்ட்டு, இந்தியால இங்கிலாந்து சரக்கு விக்குமான்னு கேக்கறாங்க. அவரு ஒரு இந்தியச் சால்வைய ஏழு வருஷம் போத்திட்டு இருக்கேன், இன்னும் புதுசு மாதிரி இருக்கு, ஐரோப்பா சால்வைய சும்மா குடுத்தா கூட போத்த மாட்டேன்னுட்டாரு. நம்ம களிய தின்னவன்யா, உண்மைய பேசிட்டான்.

கேட்டாங்களான்னா, கேக்கல. அதே வருஷம் கம்பெனியோட தனி உரிமைய எடுத்து மத்த வியாபாரிங்களுக்கும் தொறந்து விட்டாங்க, கொஞ்ச வருஷத்துல இங்கிலாந்து மில்லு ஊரான லங்காஷயர் துணியும் நூலும் மெட்ராஸ் துறைமுகத்துல வந்து எறங்குது.

சேலத்து தறி

பாத்தீங்களா, நான் சொன்னது தானே. அழிச்சிட்டான்.

பென்னாகரத்து டீச்சர்

அழிச்சான், இல்லன்னு சொல்லல. ஆனா அண்ணா, அதுக்கு முன்னாடி நம்ம துணி எங்க போயி என்ன பண்ணுச்சின்னும் பாக்கணும். இத நான் பசங்களுக்கு பாடம் எடுக்கறப்ப சொன்னா கிளாஸே அமைதியாயிடும்.

புதுச்சேரி, சோழமண்டலக் கரைல அவுரி நீலம் முக்கின துணி, 'கினி துணி'ன்னு பேரு, கினின்னா மேற்கு ஆப்பிரிக்கா. அது ஐரோப்பாவுக்கு போயி அங்க இருந்து ஆப்பிரிக்கா கரைக்கு போவும். அங்க அத குடுத்து மனுஷங்கள வாங்கினாங்க. வாங்கின மனுஷங்கள அட்லாண்டிக் தாண்டி கொண்டு போயி கரும்பு தோட்டத்துலயும் அப்புறம் பருத்தி தோட்டத்துலயும் விட்டாங்க. ஆப்பிரிக்கா கரைக்கு போன சரக்குல நம்ம துணிக்கு பெரிய பங்கு இருந்துது, ஏன்னா அங்க இருந்தவங்க மட்டமான துணிய தொடவே மாட்டாங்க, மோந்து பாத்தே இது இந்தியா சாயமா பிரான்ஸ்ல பண்ண போலியான்னு சொல்லிடுவாங்க. அடிமை வியாபாரத்த சட்டமா நிறுத்தின அப்புறமும் அதே நீலத் துணி செனகல்ல வேல மரத்து பிசினுக்கு மாத்தாப் போச்சி. அந்த பிசின் எதுக்கு தெரியுமா, ஐரோப்பால துணிக்கு அச்சு போடற சாயத்த கெட்டியாக்க. அதாவது நம்ம துணிய குடுத்து வாங்கின பிசின வெச்சி நம்ம துணிய காப்பி அடிச்சாங்க.

நெஞ்ச நிமித்திட்டு உலகத்துக்கே துணி குடுத்தோம்னு சொல்றப்ப இதயும் சேத்து சொல்லணும்னு எனக்கு தோணும், அவ்ளோ தான். நெசவாளிக்கு இது எதுவும் தெரியாது, அவன் கம்பெனி குடுத்த முன்பணத்துல மாட்டிக்கிட்டு இருந்தான்.

சேலத்து தறி

இது எனக்கு தெரியாது டீச்சர். எங்க தாத்தா காலத்துல கைக்குட்டைன்னு பேரு, ஆனா பெரிய பெரிய கட்டம் போட்ட துணி, 'ரியல் மெட்ராஸ்'னு முத்திர குத்தி நைஜீரியா போவுதுன்னு மட்டும் சொல்லுவாரு. எட்டு கெஜம் துணிய எவன்டா கைக்குட்டையா வெச்சிப்பான்னு நாங்க சிரிப்போம்.

பென்னாகரத்து டீச்சர்

அது நல்ல கத தான் அண்ணா. நைஜர் ஆத்து முகத்துல கலபாரின்னு ஒரு சனம், அவங்க அந்த கட்டம் போட்ட துணிய இஞ்சிரின்னு சொல்றாங்க. பொறந்த கொழந்தய அதுல சுத்தறதுல இருந்து சாவு சடங்கு வரைக்கும் அந்த துணி வேணும். பொம்பளைங்க உக்காந்து அதுல அங்கங்க நூல அறுத்து உருவி புது டிசைனே பண்ணுவாங்க. உங்க தாத்தா போட்ட கட்டத்த அங்க ஒரு அம்மா பிரிச்சி வேற கட்டமா மாத்தியிருக்கலாம்.

தாயக்கட்டை

நடுவுல வரதுக்கு மன்னிக்கணும். சோழி பத்தி யாராச்சும் சொல்வீங்கன்னு பாத்தேன். எங்க ஊட்ல பாட்டி வெச்சிருக்க தாயச் சோழி ஆறு, அதுல ஒன்னு முதுகு ஒடஞ்சி ஓட்டையா இருக்கும், அது விழுந்தா ஆட்டம் செல்லாதுன்னு சண்ட வரும். போன மாசம் ஒரு படத்துல ஆப்பிரிக்கால சோழிய முதுக ஒடச்சி கயித்துல கோத்து காசா வெச்சிருந்தத பாத்தேன், அச்சு அசல் அதே மாதிரி.

கோட்டை மேட்டான்

ஆமா, மாலத்தீவு சோழி. அங்க கடல்ல தென்ன ஓலைய போட்டா வந்து ஒட்டிக்கும், அள்ளி காய வெச்சி இலங்கை, வங்காளம் வழியா கப்பலேத்துவாங்க. ஐரோப்பாகாரன் கப்பல் ஆடாம இருக்க அடியில பாரமா போட்டு லண்டன், ஆம்ஸ்டர்டாமுக்கு கொண்டு போயி அங்க ஏலம் விட்டு, அத வாங்கினவன் மேற்கு ஆப்பிரிக்கால எறக்குவான். அங்க அது காசு. நாம தாயம் ஆடினோம், அங்க அதுல மனுஷன் வெல போச்சி.

மொரப்பூர் பஞ்சு

இழை எங்கயோ போயிடுச்சி, ஆனா நல்லா இருக்கு. திரும்ப என் கேள்விக்கு வரேன். வெல எப்ப நியூயார்க் கைக்கு போச்சி?

கோட்டை மேட்டான்

உன் ஊரு பக்கத்துலயே இருக்கு பதில். மொரப்பூர் ஸ்டேஷன். 1862க்குள்ள மெட்ராஸ்ல இருந்து சேலம் வழியா மேற்குக் கரை பேப்பூர் வரைக்கும் ரயில் வந்துடுச்சி, மொரப்பூர் அந்த லைன்ல தான். அதே சமயம் 1861ல அமெரிக்கால உள்நாட்டு சண்ட. அதுக்கு முன்னாடி இங்கிலாந்து மில்லுக்கு போன பஞ்சுல முக்கால் பங்குக்கு மேல அங்க அடிமைங்க எடுத்த பஞ்சு. 1793ல விட்னி கொட்டை நீக்கற மெஷின் பண்ண அப்புறம் அந்த தோட்டம் எல்லாம் காட்டுத் தீ மாதிரி பரவிடுச்சி. சண்டைல துறைமுகத்த அடைச்சதும் லங்காஷயர்ல மில்லு மூடி லட்சக்கணக்குல ஜனம் கஞ்சித் தொட்டிக்கு வந்துடுச்சி, லிவர்பூல்ல பஞ்சு வெல நாலு மடங்குக்கு மேல ஏறிடுச்சி. உடனே இந்தியா பஞ்ச கொண்டாந்து கொட்டுங்கடான்னாங்க. பம்பாயில பணம் மழையா கொட்டுச்சி.

ஆனா நம்ம பஞ்சு குட்டை இழை, தூசி வேற, அவனுங்க மெஷினுக்கு ஒத்துக்கல. லங்காஷயர்ல ஒரு பிரார்த்தனைல "ஆண்டவரே பஞ்சு அனுப்பும்"னு பாதிரியார் சொன்னதும், பின்னாடி இருந்து ஒருத்தன் "ஆனா சூரத் பஞ்சு வேணாம் ஆண்டவரே"ன்னானாம், சூரத்னா அவனுங்களுக்கு இந்தியா பஞ்சு. இப்ப உன் யாவாரி கறுப்பு பேண்ட் மேல வெச்சி நீளம் பாத்தாருல்ல, அந்த கண்ணு அங்க இருந்து வந்தது தான். மெஷினுக்கு ஏத்த இழை வேணும்னு தான் நம்ம குட்டை இழை பருத்திய தள்ளிட்டு கம்போடியாவ கொண்டாந்ததும். 1865ல சண்ட முடிஞ்சுது, வெல மல்லாந்துது, பம்பாய்ல கம்பெனி கம்பெனியா திவால். தந்தி வந்த அப்புறம் லிவர்பூல் வெல அன்னன்னிக்கே இங்க தெரிய ஆரம்பிச்சிடுச்சி, பின்னால அந்த எடத்துல நியூயார்க் பஞ்சு சந்தை வந்து உக்காந்துக்கிச்சி.

மில்லுக்காரன் இன்னும் கேண்டி கணக்குல தானே வெல பேசறான், ஒரு கேண்டி 356 கிலோ. அது கம்பெனி காலத்து கண்டி. எட போடறதுல கூட பழைய ஆளு உள்ள உக்காந்திருக்கான்.

ஓசூர் ஷிஃப்ட்

மொரப்பூர்ல இருந்து தருமபுரிக்கு கூட குட்டி ரயில் இருந்துதாமே?

கோட்டை மேட்டான்

1906ல வந்துது, பின்னால ஓசூர் வரைக்கும் நீண்டுச்சி, ரெண்டாம் உலகப் போர்ல 1941ல மூடிட்டாங்க. அது பத்தி தனி இழை போடு, அழுவறதுக்கு நெறய பேர் வருவாங்க.

கிருஷ்ணகிரி மாங்கா

இதெல்லாம் வெள்ளக்காரன் காலம். அதுக்கு முன்னாடி ரோம், எகிப்துக்கு நம்ம பஞ்சு போவலயா?

பென்னாகரத்து டீச்சர்

போச்சி. செங்கடல் கரைல பெரெனிகேன்னு ஒரு பழைய துறைமுகம், அங்க தோண்டினப்ப இந்தியா பாய்மரத் துணியே கெடச்சுது. இந்தியாதுன்னு எப்டி கண்டுபுடிச்சாங்கன்னா, நூல் முறுக்கு. எகிப்துல ஒரு பக்கம் முறுக்குவாங்க, நம்மாளுங்க அதுக்கு எதிர்ப் பக்கம். ரெண்டாயிரம் வருஷம் மண்ணுல கெடந்த நூல பாத்து நூத்தவங்க கை எந்த பக்கம் திரும்புச்சின்னு சொல்லிட்டாங்க. அங்கயே கோயில்ல ஒரு இந்தியா ஜாடி நெறய ஏழரை கிலோ மொளகும் இருந்துது. அதே கரைல இன்னொரு பழைய துறைமுகம் குசேர் அல் கதீம்ல தமிழ் பிராமில பேரு எழுதின பானை ஓடு.

சரி தம்பி, உங்க ஊட்ல இப்ப நாட்டுப் பருத்தி எதுவும் இல்லையா?

மொரப்பூர் பஞ்சு

இருக்கு டீச்சர்! பொடக்காலில ஒரே ஒரு மரம், என் ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு. பாட்டி வெளக்குத் திரிக்கு அதுல தான் பஞ்சு எடுப்பாங்க, கோயிலுக்கும் குடுப்பாங்க. கட பஞ்சுல திரி போட்டா சாமிக்கு ஆவாதாம். அது சுத்தமான நாட்டுப் பருத்தி, எங்க பாட்டியோட மாமியார் வெச்சது.

பென்னாகரத்து டீச்சர்

ஒரு காய பிரிச்சி கொட்டைய பாரு. தனித்தனியா வருதா, மேல பூனை முடி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கான்னு சொல்லு.

மொரப்பூர் பஞ்சு

இப்ப தான் டார்ச் எடுத்துட்டு போயி பறிச்சிட்டு வந்தேன், நாயி கொலைக்குது. கொட்ட கறுப்பு, வழுவழுன்னு இருக்கு, பஞ்சு இழுத்தா உடனே கழண்டு வருது. ஆனா டீச்சர், கொட்ட தனித்தனியா இல்ல. ஏழு கொட்ட ஒன்னோட ஒன்னு ரெண்டு வரிசையா ஒட்டிக்கிட்டு ஆட்டு கிட்னி மாதிரி இருக்கு.

பென்னாகரத்து டீச்சர்

அதுக்கு பேரே கிட்னி பருத்தி தான். பிரேசில் 🙂

சேலத்து தறி

😂😂😂😂

கிருஷ்ணகிரி மாங்கா

சாமி இத்தன வருஷமா பிரேசில் திரில தான் வெளிச்சம் பாத்திருக்கு.

மொரப்பூர் பஞ்சு

பாட்டி முழிச்சிட்டு தான் இருந்தாங்க, போயி சொன்னேன். "பிரேசில்னா அரூருக்கு அந்தாண்டயா"ன்னு கேட்டாங்க. கப்பல்ல போவணும் பாட்டின்னேன். "அவ்ளோ தூரத்துல இருந்து வந்தது நல்லா தான் வளந்திருக்கு, வெளிய எடுத்துட்டு வந்த காய வீணாக்காத, இங்க குடு"ன்னு வாங்கி கொட்டைய ஒரு பக்கம் தள்ளிட்டு தொடை மேல வெச்சி திரி உருட்ட ஆரம்பிச்சிட்டாங்க.

பாலக்கோடு தக்காளி

ப்ரோ அந்த கொட்டைல ரெண்டு மூனு எனக்கு எடுத்து வைங்க, வெள்ளிக்கெழம தக்காளி லோடு விட்டுட்டு மொரப்பூர் வழியா தான் வருவேன்.